பஜாருக்கு மேலே பாலம் போடும் முன் சரிவைப் பாருங்கள்

மற்றவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹட்டன் பக்கம் ஒரு சின்ன டவுன், பஜாரை ஊடறுத்துக்கொண்டு ஏ-7 வீதி போகிறது. வீதிக்கு மேல் பக்கம் பாடசாலையும் கோயிலும், கீழ்ப் பக்கம் பஸ் நிலையமும் சந்தைக் கட்டிடமும். பாடசாலை விடும் நேரத்தில் மஞ்சள் கடவையில் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள், எந்த பஸ்ஸும் நிற்பதாக இல்லை. பாதசாரி மேம்பாலம் கட்டலாமா என்று நகர சபையில் பேசுகிறார்களாம். கட்டினால் எப்படிக் கட்ட வேண்டும், எவ்வளவு பலமாக இருக்க வேண்டும், கொழும்பில் பாலத்துக்குக் கீழேயே சனம் வீதியைக் கடக்கிறதே, இங்கும் அப்படி ஆகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகும். கொழும்பில் போட்ட வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தால் கட்டாயம் அப்படித்தான் ஆகும். ஆனால் சமதரையில் கிடைக்காத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது, அதுதான் சரிவு. அதைச் சரியாகப் பயன்படுத்தினால் ஏற வேண்டிய உயரத்தில் பாதிக்கு மேல் மலையே தந்துவிடும், தவறவிட்டால் சமதரையை விட மோசமான ஒரு பாலம் கிடைக்கும். இந்த விஷயத்தில் நான் சொல்லப் போவது பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

சனம் ஏன் பாலத்தில் ஏறுவதில்லை என்பதற்கு "நம்ம ஆட்களுக்கு ஒழுக்கம் இல்லை" என்று ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். அது சோம்பேறித்தனமான பதில். கணக்கைப் பாருங்கள். பஜாரில் வீதி அகலம் சுமார் 8 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக நடக்கிற ஒருவர் 7 விநாடியில் கடந்துவிடுவார். பாலத்தில் போனால் 40 படி ஏற வேண்டும், நடுவில் நடக்க வேண்டும், பிறகு 40 படி இறங்க வேண்டும். நல்ல கால் உள்ள இளைஞருக்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வாகன இடைவெளிக்காக 20 விநாடி காத்திருந்து குறுக்கே ஓடினாலும் அவருக்கு லாபம்தான். மூர், ஓல்டர் என்ற இருவர் 1965 இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் இன்றும் எடுத்துச் சொல்வார்கள். வீதியில் கடக்க ஆகும் அதே நேரம்தான் பாலத்திலும் ஆகும் என்றால் சுமார் 70 வீதமானவர்கள் பாலத்தைப் பயன்படுத்துவார்கள், சுரங்கப் பாதை என்றால் 95 வீதம். பாலத்தில் ஒன்றரை மடங்கு நேரம் ஆகிறது என்றால் ஏறக்குறைய ஒருவரும் ஏறமாட்டார்கள். ஒன்றரை மடங்குக்கே இந்த நிலை, சமதரைப் பாலத்தில் நாம் கேட்பது அதற்கும் பல மடங்கு.

அந்த 40 படி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், வடிவமைப்பின் முக்கால்வாசி வேலை அங்கேதான் இருக்கிறது. வாகனப் பாலத்தை விடப் பாதசாரிப் பாலத்தை உயரமாக வைப்பார்கள், பிரித்தானிய முறைப்படி வீதிக்கும் பாலத்தின் அடிப்பாகத்துக்கும் நடுவில் 5.7 மீற்றர். வாகனப் பாலத்தில் லொறி மோதினால் லொறிக்குத்தான் சேதம், இலேசான நடைபாலத்தில் மோதினால் பாலமே தூணை விட்டு இறங்கிவிடலாம். லொறியில் பெக்கோ மெஷினை ஏற்றிக்கொண்டு அதன் கையைச் சரியாக மடக்காமல் வருகிறவர்களை நம் வீதியில் பார்த்திருப்பீர்கள், அவர்களுக்காகத்தான் அந்த உயரம். இதற்கு மேல் பாலத்தின் தடிப்பு. வழக்கமாகக் கீழே இரண்டு பீம் வைத்து அதன் மேல் தளம் போடுவார்கள். 15 மீற்றர் நீளத்துக்குப் பீமே முக்கால் மீற்றர் ஆழம் வரும், தளத்தோடு சேர்த்து 90 சென்ரிமீற்றர். ஆக 6.6 மீற்றர், படி ஒன்று 15 சென்ரிமீற்றர் என்றால் 44 படி. இதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் இரும்புச் சட்டங்களை முக்கோணங்களாக இணைத்த பக்கச்சட்டம் வைத்து, அதன் அடியில் தளத்தைத் தொங்கவிட்டால், நடக்கிற இடத்துக்குக் கீழே 30 சென்ரிமீற்றர் போதும். எப்படியும் இடுப்புக்கு மேல் ஒரு கைப்பிடிச் சுவர் தேவை, பக்கச்சட்டமே அந்த வேலையையும் செய்துவிடும். உயரம் 6 மீற்றராகக் குறைகிறது, 40 படி. ஏறும்போது நாலு, இறங்கும்போது நாலு, ஆக எட்டுப் படி மிச்சம். எட்டுப் படிதானே என்று நினைக்க வேண்டாம், அரிசி மூட்டையோடு ஏறுகிற அம்மாவுக்கு அது தெரியும்.

இப்போது சரிவுக்கு வருகிறேன். நம் டவுன்களில் வீதி மலையை வெட்டிப் போட்டது. மேல் பக்கம் மண்திட்டு, அதன் மேல் பாடசாலைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதை வீதியை விட 5 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்றால் பாலத்துக்கு ஏற அங்கே மிச்சம் இருப்பது ஒரு மீற்றர்தான், ஆறேழு படி, அல்லது ஒரு சின்னச் சாய்தளம். பிள்ளைகள் வீதிக்கு இறங்காமலே பாலத்துக்கு வந்துவிடுவார்கள். ஆனால் நான் பார்த்த வரைபடங்களில் அனேகமாக என்ன செய்வார்கள் என்றால், வீதி ஓரத்தில் இடம் இருக்கிறது, காணி எடுக்கத் தேவையில்லை என்று படிக்கட்டை வீதி மட்டத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அதாவது திட்டிலிருந்து 5 மீற்றர் இறங்கி வந்த பிள்ளை மறுபடி 6 மீற்றர் ஏற வேண்டும். அந்தப் பிள்ளை ஏறாது, நானாக இருந்தாலும் ஏறமாட்டேன்.

கீழ்ப் பக்கம்தான் சிக்கல். பஸ் நிலையம் வீதியை விட 3 மீற்றர் பள்ளத்தில் இருந்தால் பாலத்திலிருந்து அங்கே போய்ச் சேர 9 மீற்றர் இறங்க வேண்டும், 60 படி. திரும்பி வருகிறவர் அதே 60 படியை ஏற வேண்டும். இதைச் சமாளிக்க மலையகக் கட்டிடங்களின் அமைப்பே வழி காட்டுகிறது. கீழ்ப் பக்கக் கடைகளை வீதியிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி, பின்பக்கம் போய்ப் பார்த்தால் நாலு மாடி. உங்கள் சந்தைக் கட்டிடமும் அப்படித்தான் இருக்கும். பாலத்தைத் தூணில் இறக்காமல் அந்தக் கட்டிடத்தின் மேல் மாடி மட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். சனம் கடைகளுக்குள்ளால் இறங்கிப் போகும், மழை படாது, மேல் மாடிக் கடைக்காரருக்கு வியாபாரமும் ஆகும், வாடகைக்கு ஆள் வராத மேல் மாடிகளின் கதை எல்லா டவுனிலும் ஒன்றுதானே. ஆனால் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்க வேண்டும். ஒன்று, கட்டிடம் பூட்டியிருக்கும் நேரத்திலும் படிக்கட்டு திறந்திருக்க வேண்டும். மற்றது, பாலத்தின் பாரத்தைக் கட்டிடத்தின் பழைய தூண்களில் ஏற்றக்கூடாது, பக்கத்திலேயே தனித் தூண் வைத்து நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும்.

மலை நகரத்தில் நடப்பவர்களுக்காக உலகத்தில் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது ஹொங்கொங்கின் சென்ட்ரல் பகுதியையும் மலைச்சரிவுக் குடியிருப்புகளையும் இணைக்கிற நகரும் படிக்கட்டுத் தொடர். 1993 இல் திறந்தார்கள், 800 மீற்றர் நீளம், 135 மீற்றர் உயரம் ஏறுகிறது. காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பத்து மணி வரை கீழ்நோக்கி ஓடும், அதற்குப் பிறகு மேல்நோக்கி. நமக்கு நகரும் படிக்கட்டு வேண்டாம், கரண்ட் பில்லை நினைத்தாலே தலை சுற்றும். கவனிக்க வேண்டியது சனம் எந்த நேரத்தில் எந்தத் திசையில் போகிறது என்பதைப் பார்த்து அதை அமைத்திருப்பதை. உங்கள் இடத்தில் பாடசாலை விட்டதும் எல்லோரும் இறங்குகிறார்கள், ஏறுவது காலையில். அதனால் எண்ணிக்கை எடுக்கிறவர்கள் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்து எண்ணிவிட்டுப் போனால் பிரயோசனம் இல்லை. காலை ஏழு மணிக்கு, பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு, தோட்டத்தில் சம்பளம் போட்டதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு முந்திய வாரம், சிவனொளிபாதமலை பருவகாலத்தில் ஒரு போயா வார இறுதி, இத்தனையும் எண்ண வேண்டும். எத்தனை பேர் என்பதோடு எங்கிருந்து வந்து எங்கே போகிறார்கள் என்றும் குறிக்க வேண்டும். பாலம் 40 மீற்றர் தள்ளி வந்துவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் பாழ்.

அகலம் பற்றி ஒரு எச்சரிக்கை. தளத்தை 3 மீற்றர் அகலமாகப் போட்டுவிட்டு, இடம் இல்லை என்று படிக்கட்டை ஒன்றரை மீற்றராகச் சுருக்குவது வழமையான தவறு. நெருக்கடி இல்லாமல் நடக்க, சமதளத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு நிமிடத்தில் சுமார் 40 பேர் போகலாம் என்றால் படியில் 25 முதல் 30 பேர்தான் போகலாம். ஆகவே படிக்கட்டு, தளத்தை விட அகலமாக இருக்க வேண்டும், குறைந்தது அதே அகலம். மும்பையில் எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நடைபாலத்தில் 2017 செப்டெம்பர் 29 காலை என்ன நடந்தது என்று தேடிப் பாருங்கள். மழை, அதற்கு ஒதுங்கி நின்றவர்கள் ஒரு பக்கம், ரயிலிலிருந்து இறங்கி வந்தவர்கள் மறுபக்கம், ஒடுக்கமான படிக்கட்டு. 23 பேர் நெரிசலில் இறந்தார்கள். பாலம் உடையவே இல்லை. நம் ஊர் மழையில் கூரை போட்ட பாலம் என்றால் பாதிச் சனம் கடப்பதற்கு ஏறாது, ஒதுங்குவதற்கு ஏறும். அதையும் அகலத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கூரை வேண்டுமா என்றால், வேண்டும். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற நாடு இது, குடையை விரித்துக்கொண்டு இரண்டு பேர் எதிரெதிரே படியில் வந்தாலே வழி அடைபட்டுவிடும். ஆனால் பக்கங்களை மூடக்கூடாது. கூரை போட்டதும் விளம்பரப் பலகைக்காரர் வருவார், பராமரிப்புச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்பார். சபைக்கு அது இனிக்கும். அந்தப் பலகை இரண்டு கெடுதல் செய்யும்: காற்று தள்ளுகிற பரப்பைக் கூட்டி இரும்பின் அளவையும் கூட்ட வைக்கும், அதோடு பாலத்துக்குள் யார் நிற்கிறார்கள் என்று வெளியே தெரியாமல் செய்துவிடும். ஏழு மணிக்குப் பிறகு கடையில் வேலை முடிந்து வருகிற பெண் பிள்ளை அந்தப் பாலத்தில் ஏறாது. பனிமூட்டம் இறங்கும் ஊரில் லைட் வேறு சரியாக எரியவில்லை என்றால் கேட்கவே வேண்டாம். வெளிச்சத்தை உயரக் கம்பத்தில் வைக்காமல் கூரைக்கு அடியில், தலைக்குச் சற்று மேலே, கிட்டக் கிட்ட வையுங்கள்.

படியின் மேற்பரப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை, விழுகிறவர்கள் விழுந்துகொண்டே இருப்பார்கள். புள்ளி புடைத்த இரும்புத் தகடு புதிதாக இருக்கும்போது நன்றாகத்தான் பிடிக்கும், சனம் மிதித்து மிதித்துப் புள்ளி தேய்ந்து பளபளப்பானதும் மழையில் வழுக்கும். கொங்கிரீட் என்றால் நிழல் விழுகிற பக்கத்தில் மூன்று மாதத்தில் பாசி பிடிக்கும். எனக்குப் பிடித்தது, முன்கூட்டியே வார்த்த கொங்கிரீட் படிகள், மேலே சொரசொரப்பாகத் தூரிகையால் இழுத்தது, ஒவ்வொரு படியும் முன்பக்கம் மிகச் சிறிதளவு சரிந்து தண்ணீர் தேங்காதபடி, விளிம்பில் மஞ்சள் நிறக் கரகரப்பான பட்டை. கைப்பிடி இரண்டு உயரத்தில் வேண்டும், ஒன்று பெரியவர்களுக்கு, ஒன்று பாலர் வகுப்புப் பிள்ளைக்கு.

பலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சனக்கூட்டத்துக்குச் சதுர மீற்றருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 500 கிலோ என்று கணக்குப் போடுவார்கள். இரண்டரை மீற்றர் அகலம், 15 மீற்றர் நீளம் என்றால் மொத்தம் 19 தொன் அளவுக்குப் பாரம். இந்த நீளத்தில் பலம் பெரிய பிரச்சினை ஆகாது, நீளம் கூடும்போதுதான் ஆட்டம் பிரச்சினையாகும். மனிதர் நடக்கிற தாளம் விநாடிக்குச் சுமார் இரண்டு காலடி. பாலத்தின் இயல்பான அதிர்வும் அதற்குக் கிட்ட வந்தால் நடக்க நடக்க ஆட்டம் பெருகும். பக்கவாட்டு ஆட்டம் என்றால் இன்னும் மோசம், சனம் தடுமாறாமல் இருக்கக் காலை அகட்டி வைக்கும், அதுவே ஆட்டத்தைக் கூட்டும். லண்டன் மிலேனியம் பாலத்தை 2000 ஜூன் 10 இல் திறந்து இரண்டு நாளில் மூடியது இதனால்தான், அதிர்வு உறிஞ்சிகள் பொருத்தி 2002 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். மேலும் கீழும் ஆடுகிற அதிர்வு விநாடிக்கு 5 க்கு மேல் இருந்தால் பிரித்தானிய முறை மேலதிக ஆய்வு கேட்பதில்லை. இதற்கு ஒரு கைக்கணக்கு: பாலம் தன் சொந்த எடையால் நடுவில் எத்தனை மில்லிமீற்றர் தொய்கிறது என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தால் 18 ஐ வகுத்தால் அதிர்வெண் வரும். 13 மில்லிமீற்றருக்குள் நின்றால் பயம் இல்லை. பொறியியலாளரிடம் இந்த ஒரு எண்ணைக் கேளுங்கள், சட்டென்று சொன்னால் அவர் கணக்குப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். பாடசாலைப் பிள்ளைகள் பாலத்தில் நின்று ஒன்றாகக் குதித்துப் பார்ப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மலையில் உண்மையான ஆபத்து பாலத்தில் இல்லை, அது உட்காருகிற திட்டில் இருக்கிறது. மேல் பக்கத் தாங்கியை வெட்டிய சரிவின் விளிம்பில் வைத்தால், ஏற்கனவே மழையில் ஊறி நிற்கிற மண்ணுக்கு மேலும் பாரம். 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் என்ன செய்தது என்று பார்த்த பிறகு இதை விளக்கத் தேவையில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இல்லாமல் ஒரு குழிகூடத் தோண்ட விடாதீர்கள். தாங்கியை விளிம்பிலிருந்து பின்னுக்குத் தள்ளி, கல் தட்டுப்படும் வரை அத்திவாரத்தை இறக்கி, மேலிருந்து வரும் மழைத் தண்ணீரை ஒரு கான் வெட்டித் திருப்பிவிட வேண்டும். அப்புறம், 6 மீற்றர் உயரத்தில்தான் மின்சாரக் கம்பியும் தொலைபேசிக் கம்பியும் ஓடுகின்றன. அவற்றை மாற்றும் செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், கடைசியில் வேலை நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

சுரங்கப் பாதையை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள், ஆனால் உங்கள் இடத்துக்கு அது பாலத்தை விடப் பொருந்தக்கூடும். தலைக்கு மேல் இரண்டரை மீற்றர், கூரையும் வீதித் தளமும் அரை மீற்றர், ஆக வீதி மட்டத்திலிருந்து 3 மீற்றர் இறங்கினால் போதும், பாலத்தில் பாதி. பஸ் நிலையம் ஏற்கனவே 3 மீற்றர் பள்ளத்தில் இருக்கிறது என்று மேலே வைத்துக்கொண்டோம். அப்படியென்றால் அந்தப் பக்கம் ஒரு படிகூட இல்லாமல் நேராக வெளியே வரலாம். சமதரையில் சுரங்கப் பாதைக்கு எமன் தண்ணீர், பம்ப் வைத்து இறைக்க வேண்டும். சரிவில் தளத்தைக் கீழ்ப் பக்கம் கொஞ்சம் சாய்த்துவிட்டால் தண்ணீர் தானாகப் போய்விடும். மேல் பக்க வாசலில் மலைத் தண்ணீர் உள்ளே பாயாமல் மறிப்பதுதான் வேலை. கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சனம் கீழால்தான் போய் வருகிறது. குறைகளும் உண்டு: இருட்டு, மூத்திர நாற்றம், கட்டும்போது வீதியைப் பாதி பாதியாக வெட்ட வேண்டியது. நேராக, அகலமாக, ஒரு முனையில் நின்றால் மறு முனை தெரியும்படி இருந்தால் இதில் பாதி தீரும்.

எதைக் கட்டினாலும் மஞ்சள் கடவையை எடுத்துவிட மட்டும் சம்மதிக்காதீர்கள். சக்கர நாற்காலியில் வருகிறவருக்குப் பாலம் என்றால் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வில் 6 மீற்றர் ஏற 72 மீற்றர் சாய்தளம், இடையிடையே நின்று இளைப்பாறும் தட்டுகளோடு 80 ஐத் தாண்டும், அதுவும் ஒரு பக்கத்துக்கு. பஜாரில் அதற்கு இடம் எங்கே? லிஃப்ட் வைக்கலாம், ஆறு மாதத்தில் பழுதாகி அறிவித்தல் ஒட்டுவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006 இலேயே வந்துவிட்டன, ஆகவே இது சலுகையாகக் கேட்கிற விஷயமும் இல்லை. கடவையை வீதியிலிருந்து சற்று உயரம் தூக்கி, மேடை போலப் போட்டால் பஸ் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வளைவு முடிந்த உடனே கடவை இருந்தால் அதை நேரான பகுதிக்கு நகர்த்த வேண்டும், இறக்கத்தில் பாரத்தோடு வருகிற பஸ் நிற்க எடுக்கும் தூரம் மேட்டில் வருவதை விடக் கூட. உண்மையைச் சொன்னால், இதையும் பாடசாலை நேரத்தில் ஒரு பொலிஸ்காரரையும் முதலில் ஒரு தவணைக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பாலத்துக்கான செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை, சில ஊர்களுக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

பாலம்தான் என்று முடிவானால் இரும்பில், துண்டு துண்டாகச் செய்து கொண்டுவரச் சொல்லுங்கள். கினிகத்தேனை வளைவுகளில் நீளமான ட்ரெய்லர் திரும்பாது, 12 மீற்றருக்கு மேற்பட்ட துண்டைக் கொண்டுவருவதே பெரிய பாடு. இங்கே போல்ட் போட்டுச் சேர்த்து ஓர் இரவில் கிரேனால் தூக்கி வைத்துவிடலாம், வீதியை அந்த நேரம் முழுதாக மூட வேண்டும். அமெரிக்காவில் மயாமியில் 2018 மார்ச் 15 அன்று கட்டி முடியாத ஒரு நடைபாலம் விழுந்து 6 பேர் இறந்தார்கள். 950 தொன் கொங்கிரீட், முன்பே வெடிப்பு தெரிந்தது, மேலே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது கீழே வாகனங்களை விட்டிருந்தார்கள். இரும்பு என்றால் துருப்பிடிக்குமே என்பீர்கள். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு இந்தக் காலநிலையில் நீண்ட காலம் நிற்கும், வெறும் பெயின்ட் நிற்காது. ஆனால் கடையில் வாங்கிய போல்ட் சாதாரணமானது என்றால் துரு அங்கேதான் தொடங்கும், ஆகவே போல்ட்டும் அதே பூச்சு என்று விலைமனுவில் எழுதியிருக்க வேண்டும்.

கட்டி முடித்ததும் பாலம் யாருடையது? ஏ தர வீதி என்பதால் வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், டவுன் நகர சபையிடம், சந்தைக் கட்டிடத்தில் சேர்த்தால் அதன் நிர்வாகம் வேறு. லைட் பல்பை யார் மாற்றுவது, பாசியை யார் தேய்ப்பது, கானில் அடைத்த இலையை யார் அள்ளுவது, கரண்ட் பில் யார் பேரில் வரும் என்று நாலு வரி உடன்படிக்கையில் இல்லை என்றால் திறப்பு விழாவுக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். நாடா வெட்டின பிறகு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.